முதல் படகு: மலிவு வேறு, கட்டுப்படி வேறு

நம் கழக விருந்துகளில் கடாரம் வென்ற கதையைப் பேசாத மேடை இல்லை. 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடல் கடந்து வந்ததைச் சொல்லும்போது கைதட்டல் மண்டபத்தைப் பிளக்கும். தட்டி முடித்தபின் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இங்கே அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு ஒரு சிறு படகையாவது ஓட்டத் தெரியும்? நானும் தலையைக் குனிந்துகொள்ளும் கூட்டத்தில்தான் இருந்தேன்.

ஆனால் நம் இளைஞர்களிடையே தூண்டில் மோகம் குறைவில்லை. வார இறுதியில் கோலசிலாங்கூர், கிள்ளான் துறைமுகம், லூமுட் பக்கம் போனால் தூண்டிலும் ஐஸ் பெட்டியுமாக நம்மவர்களைப் பார்க்கலாம். இரண்டு மூன்று முறை வாடகைப் படகில் போனதும், "நமக்கே ஒன்று இருந்தால் என்ன?" என்ற ஆசை வந்துவிடுகிறது. புதுப் படகு வாங்க வசதி இருக்காது. பழைய படகைத் தேடுகிறோம். இங்கேதான் தவறு தொடங்குகிறது. எது மலிவு என்று தேடுகிறோம். எது கட்டுப்படியாகும் என்று தேடுவதில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதே என் கருத்து.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் நான்காம் படிவத்தில் இருந்தபோது என் மாமா 17 அடி ஃபைபர் படகு ஒன்றை, 60 குதிரைசக்தி இயந்திரத்தோடு வாங்கினார். விற்றவர் அவருடன் வேலை செய்தவர். "நமக்காகக் குறைத்துக் கொடுத்தார்" என்று மாமா பெருமையாகச் சொன்னார். மூன்றாவது பயணத்தில் ஆற்றுமுகத்தைத் தாண்டியதும் பின்னால் ஒரு முறிவுச் சத்தம். இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகை பிளந்து, இயந்திரம் சாய்ந்து தொங்கியது. பிளவு வழியே தண்ணீர் ஏறியது. படகில் நாங்கள் நான்கு பேர். மிதவை அங்கியோ இரண்டுதான். அந்த வழியாக வந்த ஒரு சீன மீனவர் எங்களை இழுத்துக்கொண்டு போய்க் கரை சேர்த்தார். பணம் எதுவும் வாங்கவில்லை. பின்பலகையைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே எல்லாம் மக்கு" என்று மலாயில் சொன்னார். ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

"வாங்கும்போது தட்டிப் பார்க்கவில்லையா மாமா?" என்று கேட்டேன். "தெரிஞ்ச மனுசன்கிட்ட எப்படிடா தட்டிப் பார்க்கிறது? தப்பா நினைக்க மாட்டாரா?" என்றார். அந்தப் பதிலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. மாமா அதற்குப் பிறகு கடலுக்கே போகவில்லை. அம்மா எங்களையும் விடவில்லை. மோசமான முதல் படகு ஒருவருடைய சேமிப்பை மட்டும் தின்பதில்லை. ஒரு குடும்பத்தையே கரையில் உட்கார வைத்துவிடுகிறது.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? படகைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரை முடிவு செய்யுங்கள். ஆறும் சதுப்புநிலக் காட்டு ஓரமுமா, ஏரியா, திறந்த கடலா? நம் மேற்குக் கரை பார்வைக்குச் சாதுவானது. ஆனால் கிள்ளான் பகுதியில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் கடந்த ஆற்றுமுகம் பிற்பகலில் சேற்றுத் திட்டாகக் கிடக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்திரா பக்கமிருந்து வரும் புயற்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் அதிகாலையிலும் அடிக்கும். நாம் தூண்டிலோடு புறப்படும் நேரமும் அதுதான்! கிழக்குக் கரையிலோ நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். ஆகவே புதியவருக்கு முதல் ஓராண்டு ஆறும் ஆற்றுமுகமும் போதும் என்பேன். அதற்கு 14 அடித் திறந்த ஃபைபர் படகும், கையால் திருப்பி ஓட்டும் 15 குதிரைசக்தி இயந்திரமும் தாராளம். ஏரிக்கு மட்டும் என்றால் எடை குறைந்த அலுமினியப் படகும் நல்லதே. பழைய மரப்படகு விலை மலிவாகக் கிடைக்கும். ஆனால் கடற்புழு அரிப்பையும் பலகை இடுக்கு ஒழுகலையும் ஓயாமல் கவனிக்கத் தெரியாதவர் அதைத் தொடாமல் இருப்பதே நலம்.

"ஃபைபர் மக்காது" என்பார்கள். அது பாதி உண்மை. மேலே இருக்கும் ஃபைபர் மக்காது; பல படகுகளில் பின்பலகைக்கும் தளத்துக்கும் உள்ளே ஒட்டுப்பலகை வைத்திருப்பார்கள். ஓர் ஆணித் துளை வழியே தண்ணீர் இறங்கினாலும் அது உள்ளேயே ஊறி மக்கும். வெளியே புதுச் சாயம் பளபளக்கும். எனவே சுத்தியலின் பிளாஸ்டிக் பிடியால் பின்பலகை முழுவதும் தட்டுங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கூர்மையாக ஒலிக்கும். மக்கிய இடம் தலையணையைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். பிறகு இயந்திரத்தின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழுமாக அழுத்துங்கள். பின்பலகை சேர்ந்து அசைந்தால், அந்தப் படகு எவ்வளவு மலிவானாலும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தளத்தின் மேல் நடந்து பாருங்கள். காலுக்குக் கீழே அமுங்கக்கூடாது.

அடுத்து இயந்திரம். பார்க்கப் போனவுடன் அதன் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே அதை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த இயந்திரம் எளிதாகக் கிளம்புகிறதா என்பதே சோதனை. ஓடும்போது பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து குளிரூட்டும் தண்ணீர் விடாமல் பீய்ச்ச வேண்டும். கியர் எண்ணெயைச் சிறிது இறக்கிப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்று ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் யோசிக்க வேண்டும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம் எடை குறைவு, அமைப்பும் எளிது. ஆனால் எண்ணெயும் பெட்ரோலும் அதிகம் குடிக்கும். நான்கு ஸ்ட்ரோக் சிக்கனமானது. ஆனால் எடை கூடுதல், பழுதுபார்க்கும் செலவும் கூடுதல். எதுவானாலும் மணிக்கட்டில் மாட்டும் அவசர நிறுத்தக் கயிறு வேலை செய்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். நீங்கள் தவறித் தண்ணீரில் விழுந்தால் படகு உங்கள் மேலேயே திரும்பி வராமல் காப்பது அதுதான். கடைசியாக, தண்ணீரில் இறக்கி அரைமணி நேரமாவது ஓட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, பத்திரங்கள். கடலில் ஓட்டும் படகுக்குக் கடல்துறை இலாகாவின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, இயந்திரத்தில் பொறித்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். எண்ணைச் சுரண்டிய இயந்திரம் திருட்டுப் பொருளாக இருக்கலாம். மீன்பிடிப் படகாக இருந்ததென்றால் அது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழும் வருவது. "எல்லாம் பேரு மாத்திடலாம்" என்று விற்பவர் சொல்வதை நம்பாமல் இலாகாவில் நேரில் கேளுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். பத்தாயிரம் வெள்ளி சேர்த்தவர் பத்தாயிரம் வெள்ளிப் படகைத் தேடக்கூடாது. ஏழாயிரத்துக்குள் தேட வேண்டும். மீதி மூவாயிரம் எங்கே போகும்? தண்ணீர்ப் பம்பின் இறக்கை, தீப்பொறிச் செருகி, எண்ணெய், பெட்ரோல் குழாய் ஆகியவற்றை வாங்கியவுடனே மாற்றிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு மிதவை அங்கி, நங்கூரம், கயிறு, துடுப்பு, தீயணைப்பான், கைவிளக்கு, ஊதல் வேண்டும். படகுத்துறைக் கட்டணமோ இழுவண்டியின் டயரோ காத்திருக்கும். மாமாவின் படகு மலிவாகத்தான் இருந்தது. ஆனால் வாங்கியபின் அவரிடம் இன்னும் இரண்டு அங்கி வாங்கப் பணமில்லை. கட்டுப்படி என்பது விலைச்சீட்டில் இருப்பதல்ல. வாங்கிய மறுநாள் நம் கையில் மிஞ்சுவதில் இருப்பது.

"சின்னப் படகு ஆபத்து, பெரியதே பாதுகாப்பு" என்று சிலர் வாதிடலாம். திறந்த கடலுக்கு அது சரியே. ஆனால் பெரிய படகு பெரிய இயந்திரத்தையும் பெரிய இழுவண்டியையும் கேட்கும். ஓட்டத் தெரியாதவரை ஓட்டத் தெரியாத இடத்துக்கும் கொண்டுபோய்விடும். முதல் படகு ஓதம், காற்று, கயிறு, பொறுமை ஆகியவற்றை நமக்குக் கற்றுத்தர வேண்டியது. ஊரார் பார்த்து வியப்பதற்கு இரண்டாவது படகு இருக்கிறது. தனியாக முடியாதவர்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கலாம். ஆனால் யார் எவ்வளவு போட்டார், பழுதுச் செலவு எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் கைவிட வேண்டியது அந்த வெட்கம். கத்தரிக்காய் வாங்கும்போது திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். உயிரை ஏற்றிச் செல்லும் படகைத் தட்டிப் பார்க்கக் கூசுகிறோம். தெரிந்தவர், நம்மவர், பெரியவர் என்ற மரியாதை மனிதருக்கு உரியது; பலகைக்கு உரியதல்ல. நேர்மையாக விற்பவர் தட்டிப் பார்ப்பதைத் தவறாக நினைக்கமாட்டார். தவறாக நினைப்பவரிடம் வாங்காமல் இருப்பதே நமக்கு லாபம்.

இன்று நானும் என் பெரியம்மா மகனும் சேமித்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை நான்கு படகுகளைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம். ஐந்தாவதைப் பார்க்கப் போகும்போது மாமாவையும் கூப்பிட்டேன். முதலில் மறுத்தவர், பிறகு "சுத்தியலை நான் எடுத்துக்கிட்டு வரேன்" என்றார். கடாரத்துக்கு வந்தவர்களும் தங்கள் மரக்கலத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறியிருப்பார்கள். நாமும் தட்டிப் பார்த்துவிட்டே ஏறுவோம்!