குழாயோடு வீட்டுக்குப் போகிறவர்

புரோஸ்டேட் அறுவை முடிந்து கதீட்டரோடு அனுப்பப்படுகிறவரின் டிஸ்சார்ஜ் தாளில் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கிறது: ‘குழாய் பராமரிப்பு குறித்து அறிவுறுத்தப்பட்டது.’ யாருக்கு என்று அதில் இல்லை. பில் கட்ட ஓடிக்கொண்டிருந்த மகனை நிறுத்திச் சொன்னதும் அறிவுறுத்தல் கணக்கில்தான் சேர்கிறது. ஆனால் வீட்டில் தினமும் பையைக் காலிசெய்யப் போகிறவர் மனைவி. அந்த நேரத்தில் அவர் ஃபிளாஸ்கையும் துணிகளையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்திருப்பார்.

நாம் சொல்வதும் வார்டுக் கட்டிலை மனதில் வைத்துச் சொல்வதே. பை சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது என்கிறோம். பாயில் படுக்கிறவர் இந்த இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வார்? ‘வீட்டில் எங்கே படுப்பீர்கள்?’ என்று கேட்காமல் குழாய் பற்றிப் பேசத் தொடங்குவதில் பொருளில்லை. கயிற்றுக் கட்டிலோ பெஞ்சோ குழாய் எடுக்கும் வரைக்கும் கிடைக்குமா என்று கேட்கலாம். அதுவும் இல்லையென்றால் மெத்தைகளை அடுக்கிப் படுக்கையை உயர்த்தி, பையைச் சுத்தமான பேசினில் வைக்கச் சொல்லலாம். பயணமும் அப்படித்தான். பேருந்தில் இடம் கிடைத்ததும் பையை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். பையில் சிறுநீரைத் திரும்ப விடாத வால்வு இருந்தாலும், குழாயில் தேங்கிய சிறுநீர் உள்ளே திரும்புகிறது. கிளம்புமுன் பையைக் காலிசெய்து, மடியில் வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்ப ஒரு நிமிடம் போதும்.

வீட்டுக்குப் போனதும் வரும் முதல் புகார், “டியூப் போட்டும் ஒண்ணுக்கு முட்டிக்கிட்டே இருக்கே” என்பது. பலூன் உறுத்துவதால் சிறுநீர்ப்பை இறுகுகிறது. சிலருக்குக் குழாயைச் சுற்றியும் கசிகிறது. இது வரும் என்று முன்பே தெரிந்தவர் பயப்படுவதில்லை. தெரியாதவர் முக்குகிறார், ரத்தம் வருகிறது, நள்ளிரவில் ஆட்டோ பிடிக்கிறார். கசிவைக் கண்டதும் பலூனில் கூடுதல் நீர் ஏற்றுவதும் பெரிய குழாய் மாற்றுவதும் இறுக்கத்தைக் கூட்டவே செய்யும். முதலில் பார்க்க வேண்டியது குழாய் மடங்கியிருக்கிறதா, ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்பதை. குழாய் தொடையில் இழுபடாமல் ஒட்டப்பட்டிருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

அடுத்தது கலங்கிய சிறுநீர். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 விழுக்காடு வரை பாக்டீரியா குடியேறும் வாய்ப்பு கூடுகிறது; ஒரு மாதமானால் ஏறத்தாழ எல்லோருக்கும் இருக்கும். காய்ச்சலோ குளிரோ அடிவயிற்று வலியோ இல்லாதபோது கல்ச்சருக்கு அனுப்புவதும் ஆன்டிபயாட்டிக் எழுதுவதும் எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமியை வளர்க்கத்தான் உதவும். நாம் எழுதாவிட்டால் மருந்துக்கடைக்காரர் கொடுத்துவிடுகிறார் என்பது உண்மை. அதனால்தான் இதை நோயாளியிடமே முன்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறுநீர்த்தாரை வழியே செய்த புரோஸ்டேட் அறுவையில், உள்ளே ஆறிவரும் பொருக்கு உதிர்ந்து 10 முதல் 14 நாளில் மீண்டும் ரத்தம் வரலாம். அதற்குள் பலருக்குக் குழாயே எடுத்திருப்பார்கள், எல்லாம் முடிந்தது என்று வயலுக்கோ கடைக்கோ போயிருப்பார்கள். லேசான சிவப்பு என்றால் தண்ணீர் குடித்து ஓய்வெடுக்கலாம். கட்டி கட்டியாக வந்தாலோ, சிறுநீர் நின்று வயிறு உப்பினாலோ உடனே வர வேண்டும்.

ஆனால் நாம் மிகக் குறைவாக எழுதுவது, மிகவும் ஆபத்தான ஒன்றைப் பற்றி. புற்றுநோய்க்காகப் புரோஸ்டேட்டை முழுவதும் அகற்றியவருக்குச் சிறுநீர்ப்பையும் சிறுநீர்த்தாரையும் புதிதாகத் தைத்து இணைக்கப்பட்டிருக்கின்றன. வழக்கமாக 7 நாளுக்கு மேல் இருக்கும் அந்தக் குழாய்தான் தையலுக்குத் தாங்கல். அது தற்செயலாக வெளியே வந்துவிட்டால், பக்கத்துக் கிளினிக்கில் நல்லெண்ணத்தோடு புதுக் குழாய் போட முயல்வார்கள். கண்ணுக்குத் தெரியாமல் செலுத்தும் குழாய் தையலைப் பிரித்துவிடலாம். ‘இந்தக் குழாயை அறுவை செய்த குழுவைத் தவிர யாரும் போடவோ எடுக்கவோ கூடாது’ என்ற வாக்கியம் டிஸ்சார்ஜ் தாளின் தலைப்பிலேயே, தமிழிலும் ஆங்கிலத்திலும், சிவப்பில் இருந்தாக வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

மறந்துபோகும் குழாய்களும் உண்டு. எடுக்கும் தேதி எழுதப்படாததால் மாதக்கணக்கில் கிடந்து, உப்பு படிந்து, பலூன் சுருங்காமல் வந்து சேர்கிறவர்களை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்காகச் செவிலியர்கள் வீடு தேடிப் போகிறார்கள். அவர்களுக்குக் கதீட்டர் புதிதல்ல. டிஸ்சார்ஜ் விவரம் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போனால், அந்தத் தேதியை நினைவூட்ட ஒருவர் இருப்பார்.

பையைக் காலிசெய்வதை, முன்தோலைக் கழுவியபின் பழைய நிலைக்கு இறக்கிவிடுவதை, பராமரிப்பவர் நம் முன்னால் ஒருமுறை செய்துகாட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். உங்கள் வார்டில் தமிழில் ஒரு பக்கக் குறிப்புத்தாள் ஏற்கெனவே இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில், மற்றவர்கள் நகலெடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறோம்.