89 கேள்விகள், ஒரே ஓர் எண்

பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவையில் சமூக வயது 5.4 என்று வந்தால் அவனுடைய எஸ்.க்யூ., அதாவது சமூக ஈவு, 54. சமூக வயது 5.5 என்று வந்தால் 55. மத்திய அரசு 2018 ஜனவரியில் அறிவித்த மதிப்பீட்டு நெறிமுறைகளின் அட்டவணைப்படி 54-க்கு 75 சதவீதக் குறைபாடு, 55-க்கு 50 சதவீதம். இரண்டுக்கும் நடுவே நிற்பது, ஏதோ ஒரு கேள்விக்கு நாம் முழு மதிப்பெண் போட்டோமா பாதி போட்டோமா என்பதுதான். அந்த அரை மதிப்பெண்ணைப் பற்றி நம் துறையில் நிறையவே பேசியாயிற்று. கருத்தரங்குகளில் சண்டையும் போட்டாயிற்று. 2024-ல் நெறிமுறைகளைத் திருத்தினார்கள். சதவீதம் என்ற அடிப்படை மாறவில்லை. எனவே அந்தச் சண்டை தொடரும். இங்கே நான் கேட்க விரும்புவது வேறு. அந்த எண்ணுக்கு வந்து சேர்வதற்காக அம்மாவிடம் கேட்ட மற்றக் கேள்விகளின் பதில்கள் எல்லாம் எங்கே போகின்றன?

ஏ.ஜே. மாலின் நாக்பூரில் இந்தியச் சூழலுக்கு மாற்றியமைத்த இந்த அளவையில் 89 கேள்விகள். ஒரு பிள்ளைக்கு அத்தனையும் கேட்பதில்லை என்றாலும், சாப்பாடு, உடை, நடமாட்டம், பேச்சு, பழக்கம், வேலை என்று எட்டுப் பிரிவுகளிலும் நுழைந்துதான் வெளியே வருகிறோம். பிள்ளையின் ஒரு நாள் முழுக்க நம் மேசைக்கு வந்துவிடுகிறது. பிறகு கூட்டுகிறோம், வகுக்கிறோம், நூறால் பெருக்குகிறோம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் ஏறுவது சதவீதம் மட்டும். விடைத்தாள் மருத்துவமனைக் கோப்பில் தங்கிவிடுகிறது. அந்த வீட்டுக்கோ, அடுத்த நாள் பிள்ளையை ஏற்கப்போகும் ஆசிரியருக்கோ ஒரு வரிகூடப் போவதில்லை.

ஓர் உதாரணம் போதும். "தானே உடை உடுத்துவானா?" என்று கேட்கிறோம். அம்மா சொல்கிறார்: "சட்டை போட்டுக்குவான் சார். ஆனா அவன்கிட்ட விட்டா அரை மணி நேரம் ஆகும். எட்டரைக்கு வேன் வந்துரும். அதனால நானே மாட்டி விட்டுடுவேன்." நான்கு வாக்கியம். இதற்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். செய்யத் தெரியும். ஆனால் அன்றாடம் செய்வதில்லை. செய்யாததற்குக் காரணம் கையோ மூளையோ அல்ல, வேன். இப்போது கிடைக்கும் உதவி என்ன, யார் தருகிறார், எப்போது தருகிறார் என்பதும் இருக்கிறது. கூர்ந்து கேட்டால் சிகிச்சைத் திட்டமும் இதிலேயே கிடைக்கும்: பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ வைக்கலாமா, பள்ளி அதற்கு ஒப்புக்கொள்ளுமா, சாயங்காலம் வீட்டுச் சட்டை மாற்றும்போது அவசரமில்லையே, பயிற்சியை அங்கே தொடங்கலாமா? உலக சுகாதார நிறுவனம் 2001-ல் வெளியிட்ட ஐ.சி.எஃப். வகைப்பாடு இயலுகையையும் அன்றாடச் செயலையும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்கிறது. சுற்றுச்சூழல் காரணிகளைத் தனி அத்தியாயங்களாக வைத்திருக்கிறது. படிப்பில் இதை எல்லோரும் எழுதித் தேறியிருக்கிறோம். அந்த அம்மா அதையே பேச்சுவழக்கில் சொல்லிவிட்டார். நாம் தாளில் போட்டது ஒரு கூட்டல்-கழித்தல் குறி.

சாப்பாட்டுக் கேள்வி இன்னும் சிக்கல். நம் வீடுகளில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் பாட்டி சோறு பிசைந்து ஊட்டுவார். எந்தக் குறைபாடும் இல்லாத பிள்ளைக்கும்தான். "தானே சாப்பிடுவானா?" என்றால் "ஊட்டித்தான் விடணும்" என்ற பதில் வரும். அதை இயலாமை என்று குறித்துக்கொண்டால் பாட்டியின் பாசத்துக்கு மதிப்பெண் குறைத்தவர்கள் ஆவோம். பாட்டி ஊருக்குப் போயிருந்த வாரம் என்ன நடந்தது, கல்யாணப் பந்தியில் உட்கார வைத்தால் இலையில் கை வைப்பானா என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். தெருவில் தனியாகப் போய்வருவது பற்றிய கேள்வியும் இதே ரகம். பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் கடைக்குத் தனியாக அனுப்ப இன்று எத்தனை வீடுகளுக்குத் துணிச்சல் உண்டு? மூல அளவையை 1930களில் உருவாக்கிய எட்கர் டால் இதை யோசித்திருந்தார். வாய்ப்பே கிடைக்காததால் செய்யாததற்கென்று அவர் முறையில் தனிக் குறி உண்டு. நம் மதிப்பீட்டு முகாம்களில் அந்தக் குறி விழுந்த தாள்கள் அரிது.

அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் அம்மாவுக்குத் தூக்கம் கெடுக்கும் கவலை கடை அல்ல, மாதவிடாய். நாப்கின் மாற்றத் தெரியுமா, கறை பட்டால் யாரிடமாவது சொல்வாளா, பள்ளியில் அன்றைக்கு யார் உடனிருப்பார்? அளவையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்டே ஆகவேண்டிய கேள்வி இது. ஆண் மதிப்பீட்டாளர்கள் பலர் இதைத் தொடுவதில்லை. கூச்சமாக இருந்தால் உடன் பணியாற்றும் பெண்ணைக் கேட்கச் சொல்லுங்கள், விட்டுவிடாதீர்கள்.

பெற்றோர் தரும் தகவலை எவ்வளவு நம்பலாம் என்ற பழைய புலம்பலுக்கு வருகிறேன். மருத்துவக் குழுவின் முன்னால் அம்மா சொல்வது: "ஒண்ணுமே செய்ய மாட்டான் சார், எல்லாம் நான்தான்." அதே அம்மா ஜூன் மாதம் பள்ளிச் சேர்க்கையில் சொல்வது: "எல்லாம் செய்வான் டீச்சர், ஒரு தொந்தரவும் இருக்காது." இதைப் பொய் என்று எழுதுகிறவர்கள் நம்மிலும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் இரண்டு வாசல்களில் நிற்கிறார். ஒரு வாசலில் 40 சதவீதத்தை எட்டினால்தான் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியும். இன்னொரு வாசலில் தொந்தரவு என்று தெரிந்தால் கதவு மூடிவிடும். நாம் "செய்வானா, மாட்டானா" என்று தீர்ப்புக் கேட்கும் வரை, எந்த வாசலில் எந்தத் தீர்ப்பு வேண்டுமோ அதைத்தான் தருவார். அதற்குப் பதில் "நேத்துக் காலைல எழுந்ததுலேர்ந்து சொல்லுங்கம்மா" என்று தொடங்கிப் பாருங்கள். நேற்று நடந்ததைச் சொல்லும்போது கூட்டியும் குறைத்தும் சொல்ல அவ்வளவு இடமில்லை. யார் எழுப்பினார், கழிப்பறையில் யார் தண்ணீர் ஊற்றினார், இட்லியைப் பிட்டுக் கொடுத்தீர்களா முழுசாக வைத்தீர்களா என்று போகப்போக விவரம் தானாக வரும். மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கு நாம் பயன்படுத்தும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். இயக்கத்திறன் வகைப்பாட்டின் ஐந்து நிலைகளும் 1997 முதல் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன: பிள்ளை ஒருநாள் அதிசயமாகச் செய்ததை விட்டுவிட்டு, வழக்கமாகச் செய்வதைப் பார்.

சதவீதம் சொல்லாமல் விடும் மிகப் பெரிய விஷயம் உதவியின் அளவு. 75 சதவீதம் பெற்ற இரண்டு பிள்ளைகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருத்தி பேசமாட்டாள்; ஆனால் கழிப்பறைக்குத் தானே போவாள், தட்டைக் கழுவி வைப்பாள், ஒன்பது மணிக்குப் படுத்தால் ஆறு மணிக்கு எழுவாள். இன்னொருவன் வாய் ஓயாமல் பேசுவான், சினிமாப் பாட்டு முழுசாகப் பாடுவான். கேட் திறந்திருந்தால் சாலைக்கு ஓடிவிடுவான், இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும் வரை யாராவது உடன் உட்கார வேண்டும். முதல் வீட்டில் அம்மா வேலைக்குப் போகலாம். இரண்டாவது வீட்டில் முடியாது. ஆட்டிசத்துக்கான இசா அளவையிலும் இதே கதைதான். 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், கடைசியில் ஒரு கூட்டுத்தொகை. பேச்சில்லாததால் வந்த 110-ம், கடித்துக் கிள்ளி வந்த 110-ம் ஒன்றாகிவிடுகின்றன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதை உணராமல் இல்லை. உயர் ஆதரவு தேவைப்படுவோரைத் தனியாக வரையறுத்து, அதற்கென விண்ணப்பித்து மதிப்பீட்டுக் குழுவின் பரிசீலனைக்குப் போகும் வழியை 38-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. சதவீதத்துக்கும் அன்றாட உதவிக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு இல்லை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். நம் பெற்றோரில் பலருக்கு இந்தப் பிரிவு இருப்பதே தெரியாது. நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

ஆதரவுத் தேவையை அளப்பதற்கென்றே அமெரிக்காவில் 2016-ல் வந்த சிறுவர்களுக்கான எஸ்.ஐ.எஸ். அளவை, 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளையின் ஒவ்வொரு செயலுக்கும் மூன்று விஷயங்களைக் கேட்கிறது. உதவி எத்தனை முறை தேவை, ஒரு நாளில் எவ்வளவு நேரம், எந்த வகை உதவி. நினைவூட்டினால் போதுமா, வாய்மொழியாக வழிநடத்த வேண்டுமா, கையைப் பிடித்துச் செய்ய வேண்டுமா? அந்த அளவையை விலை கொடுத்து வாங்க வேண்டும், நம் பிள்ளைகளுக்கு அதன் தரவரிசை பொருந்துமா என்பதும் கேள்வி. ஆனால் அந்த மூன்று கேள்விகளுக்கு யாரும் விலை கேட்கப்போவதில்லை. அவற்றோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன்: உதவி செய்கிறவருக்கு என்ன ஆகிறது? நடக்க முடியாத பிள்ளை நான்கு வயதில் இடுப்பில் உட்காரும். பன்னிரண்டு வயதில் முப்பத்தைந்து கிலோ. பிள்ளையின் நிலை மாறவில்லை, ஜி.எம்.எஃப்.சி.எஸ். நிலையும் அதேதான், அம்மாவின் முதுகு போய்விட்டது. ஆதரவுத் தேவை ஏறியது எந்தச் சான்றிதழிலும் தெரியாது.

சூழலும் இப்படியே மறைந்துபோகிறது. பள்ளியில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே பள்ளிக்கு வரும் பிள்ளைகளை நம் பிசியோ நண்பர்கள் எல்லோரும் அறிவார்கள். "சிறுநீர்க் கட்டுப்பாடு உண்டு" என்று நாம் மகிழ்ச்சியோடு குறிக்கிறோம்.

வெளிநாட்டு அளவைகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நம் வீட்டுச் சொத்தையும் சொல்லவேண்டும். சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை, எம்.டி.பி.எஸ்., சிறப்புக் கல்வி படித்த யாருக்கும் மறக்காது. 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 என்று 360 கூறுகள். பிள்ளை என்ன செய்கிறது என்ற வடிவத்திலேயே ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கும். பணம், நேரம், வீட்டுவேலை, ஊரில் நடமாடுதல், பொழுதுபோக்கு வரை வரும். எண்ணில் சுருக்குவதற்காகச் செய்யப்பட்ட கருவியல்ல அது, அடுத்த காலாண்டுக்கு என்ன கற்பிப்பது என்று முடிவெடுக்கச் செய்யப்பட்டது. பயிற்சிக் காலத்தில் ரெக்கார்டு நோட்டில் வண்ணம் தீட்டுவதோடு பலருக்கு அதனோடுள்ள உறவு முடிந்துவிடுகிறது. வருத்தமாக இருக்கிறது.

ஆகவே ஒரு கோரிக்கை. புதிய அளவை வேண்டாம், புதிய படிவமும் வேண்டாம். படிவங்களில் மூழ்கித்தான் இந்த நிலைக்கு வந்தோம். மதிப்பீடு முடிந்ததும், ஏற்கெனவே கேட்ட பதில்களிலிருந்து அரைப் பக்கம், தமிழில், அம்மா கையில் கொடுங்கள். இப்படி இருக்கலாம்:

"தட்டில் போட்டால் தானே சாப்பிடுவான்; குழம்புச் சோறு சிந்தும். பசித்தால் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுப்பான், வாயால் கேட்கமாட்டான். சிறுநீர் வந்தால் கால்சட்டையைப் பிடிப்பான். அப்போது உடனே அழைத்துப்போக வேண்டும், ஜிப் அவிழ்க்க உதவி வேண்டும், மற்றதைத் தானே செய்வான். மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். பள்ளி மணிக்கு அருகில் உட்கார வைக்க வேண்டாம். சாலையில் எப்போதும் கையைப் பிடித்திருக்க வேண்டும். இரவில் ஒருமுறை எழுவான், தண்ணீர் கொடுத்தால் தூங்கிவிடுவான். உடன் இருப்பவர் அம்மா மட்டும்."

இதில் கண்டறிதலின் பெயர் இல்லை, சதவீதம் இல்லை, மைல்டு, மாடரேட் இல்லை. ஆனால் இதைப் படித்த வகுப்பு ஆசிரியர் முதல் நாளே அந்தப் பையனை எங்கே உட்கார வைப்பது என்று அறிவார். சிறப்புப் பயிற்றுநருக்கு முதல் மாதப் பயிற்சி எது என்று தெரிந்துவிடும்: ஜிப்.

நேரமில்லை என்பீர்கள். முகாமில் வாசல் வரை வரிசை நிற்கும்போது அரைப் பக்கம் எழுதுவது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேள்விகளைக் கேட்கும் நேரம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. எழுதுவதற்கு ஐந்து நிமிடம். களப்பயிற்சிக்கு வரும் மாணவர்களை வரிசையை ஒழுங்குபடுத்தத்தான் நிறுத்துகிறோம். அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொல்லலாம், அவர்களுக்கும் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அதுவும் முடியாத இடத்தில் அம்மாவே சொல்லிக்கொண்டு வர, கைப்பேசியில் பதிவு செய்து அவரிடமே கொடுத்துவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அதுதான் நல்லதும்கூட. எந்த வழியானாலும் அந்தக் குறிப்பு அம்மாவுடைய உடைமை. யாரிடம் காட்டுவது, எந்த வரியை மறைப்பது என்பது அவர் முடிவு. பள்ளிக்கு நேரடியாக அனுப்பும் பழக்கத்தைத் தொடங்கிவிட வேண்டாம். சேர்க்கையை மறுக்க அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் இருக்கின்றன.

அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழைப் பிள்ளையின் 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்கச் சொல்லியிருந்தன 2018 நெறிமுறைகள். பத்து வயதில் திரும்ப வரும் பிள்ளையைப் பார்க்கும்போது நம் கையில் இருப்பது ஐந்து வயதில் போட்ட ஓர் எண் மட்டும். 75 அப்படியே 75 ஆக இருந்தால் ஒன்றுமே மாறவில்லை என்று அந்த வீடு நினைக்கும். இதற்கிடையில் பிள்ளை ஜிப் போடக் கற்றிருக்கும், பாட்டி இறந்துபோயிருப்பார், தம்பி பிறந்திருப்பான். பழைய அரைப் பக்கம் பக்கத்தில் இருந்தால் இரண்டையும் வைத்துப் பேச முடியும்.

உங்களில் சிலர் ஏற்கெனவே இப்படி எழுதிக் கொடுத்து வருகிறீர்கள் என்று அறிவேன். பெயர், ஊர், பள்ளி விவரங்களை நீக்கிவிட்டு, குடும்பத்தின் ஒப்புதலோடு, அப்படிப்பட்ட குறிப்புகளை இதழுக்கு அனுப்புங்கள். நன்றாக எழுதியதோடு, எழுதிய பிறகு பள்ளியில் பயன்படாமல் போனதையும், ஏன் போனது என்ற உங்கள் ஊகத்தோடு சேர்த்து அனுப்புங்கள். அவற்றையே வரும் இதழில் அச்சிட்டு விவாதிப்போம்.