மூன்று சென்டிமீட்டர் பொறுமை

கட்டி என்று தெரிந்ததும் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்பதுதான் யாருக்கும் தோன்றும் முதல் எண்ணம். ஆனால் வான் ஹிப்பல்-லிண்டாவ் என்ற பரம்பரை நோயில் அந்த அவசரமே ஆபத்து. இந்த நோயாளியின் சிறுநீரகத்தில் இரண்டு சென்டிமீட்டர் புற்றுக்கட்டி இருப்பதை ஸ்கேனில் பார்த்த பிறகும், விஷயம் தெரிந்த சர்ஜன் கத்தியை எடுப்பதில்லை. அடுத்த ஸ்கேனுக்குத் தேதி கொடுக்கிறார்.

காரணம், இவர்களுக்குக் கட்டி ஒன்றோடு நிற்பதில்லை. சுமார் 36,000 பேரில் ஒருவருக்கு வரும் இந்த நோய் விழித்திரை, சிறுமூளை, தண்டுவடம், சிறுநீரகம், கணையம், அட்ரினல் சுரப்பி என்று பல இடங்களில் வாழ்நாள் முழுவதும் கட்டிகளை முளைக்க வைக்கிறது. விழித்திரைக் கட்டிகளை 1904இல் விவரித்தவர் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஆய்கன் வான் ஹிப்பல். அவற்றுக்கும் சிறுமூளைக் கட்டிகளுக்கும் உள்ள உறவை 1926இல் காட்டியவர் ஸ்வீடனின் அர்விட் லிண்டாவ். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று சிறுநீரகப் புற்று. இந்த நோயாளிகளின் ஒரு சிறுநீரகத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்கட்டிகள் மட்டும் சுமார் 600 இருக்கலாம் என்று 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. எல்லாவற்றையும் எடுப்பது என்றால் சிறுநீரகத்தையே எடுப்பதுதான். அப்படியும் செய்து பார்த்தார்கள். இரண்டு சிறுநீரகங்களையும் இழந்தவர்கள் டயாலிசிஸை நம்பி வாழ நேர்ந்தது.

பெதஸ்டாவில் உள்ள அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் மருத்துவர்கள் வேறு வழி தேடினார்கள். பெரிய கட்டி மூன்று சென்டிமீட்டரைத் தொடும்வரை காத்திருப்பது என்று எல்லை வகுத்தார்கள். 2004இல் வெளியான அவர்களுடைய கணக்கு இது: மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகள் இருந்த 108 பேரில் ஒருவருக்குக்கூடப் புற்று வேறு இடத்துக்குப் பரவவில்லை. அதைவிடப் பெரிய கட்டிகள் இருந்த 73 பேரில் 20 பேருக்குப் பரவியிருந்தது.

எல்லையைத் தொட்டதும் ஆபரேஷன். அப்போதும் சிறுநீரகத்தை விட்டுவிட்டுக் கட்டிகளை மட்டும் தோண்டி எடுக்கிறார்கள். உள்ளே ஒளிந்திருப்பவற்றை அல்ட்ராசவுண்ட் கருவியால் தேடிப்பிடித்து, கிடைப்பதையெல்லாம் அந்த ஒரே அமர்வில் அகற்றுகிறார்கள். மறுபடி முளைக்கும் என்பது தெரிந்ததுதான். ஒருமுறை கத்தி பட்ட சிறுநீரகத்தில் அடுத்த ஆபரேஷன் இன்னும் கடினம். அந்த நாளைத் தள்ளிப்போடுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

அட்ரினல் கட்டி வேறு ரகம். ரத்த அழுத்தத்தை எகிற வைக்கும் ஹார்மோன்களை அது சுரக்கிறது. அது இருப்பது தெரியாமல் வேறு எதற்கோ மயக்க மருந்து கொடுத்தால் ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போகலாம். எனவே மூளையோ சிறுநீரகமோ பிரசவமோ, எதுவானாலும் முதலில் ரத்தப் பரிசோதனையில் இதைத் தேடிவிட வேண்டும். இருந்தால், அழுத்தத்தை மருந்தால் அடக்கிவிட்டு இதைத்தான் பெரும்பாலும் முதலில் கவனிக்கிறார்கள். இங்கும் சுரப்பியில் ஒரு பகுதியை விட்டுவைக்கப் பார்க்கிறார்கள். இரு பக்கமும் முழுதாகப் போய்விட்டால் ஆயுள் முழுவதும் ஸ்டீராய்டு மாத்திரைதான்.

சிறுமூளைக் கட்டிகள் புற்று அல்ல. ஆனால் பக்கத்தில் திரளும் நீர்ப்பை மூளையை நசுக்கும். தொல்லை தராமல் கிடப்பவற்றைத் தொடுவதில்லை. தலைவலி, தள்ளாட்டம் என்று தொடங்கினால் எடுத்துவிடுகிறார்கள். கண்ணில் மட்டும் நியதி தலைகீழ். சிறியதாக இருக்கும்போதே லேசரால் சுட்டுவிட்டால் பெரும்பாலும் பார்வை தப்பும்.

நோய்க்குக் காரணமான மரபணு மூன்றாவது குரோமோசோமில் இருப்பது 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது பழுதானால், ஆக்சிஜன் போதவில்லை என்று செல் தவறாக எண்ணிக்கொண்டு புதிய ரத்தக்குழாய்களை வளர்க்கத் தூண்டுகிறது. இந்தப் புதிரை விடுவித்ததில் பங்குள்ள வில்லியம் கெய்லின் 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த அறிவிலிருந்து பிறந்த பெல்சூட்டிஃபான் என்ற மாத்திரைக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடனடி ஆபரேஷன் தேவைப்படாதவர்களுக்கான மருந்து அது. முதல் ஆய்வில் 61 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சிறுநீரகக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. ஆனால் ரத்தசோகை ஏற்படலாம். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது.

மரபணுச் சோதனை இன்னொரு நன்மையும் செய்தது. குடும்பத்தில் உள்ள பழுது எது என்று தெரிந்துவிட்டால், அது இல்லாத குழந்தையை நிம்மதியாக விட்டுவிடலாம். இருக்கும் குழந்தைக்கு ஒரு வயது நிறையும் முன்பே கண் பரிசோதனை, 11 வயதில் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எம்.ஆர்.ஐ., 15 வயதில் வயிற்றுக்கும் என்று வரிசை தொடங்குகிறது. ஓர் ஆண்டு தவறினாலும், மூன்று சென்டிமீட்டர் என்ற எல்லையைக் கட்டி சத்தமில்லாமல் தாண்டியிருக்கலாம். கத்தியைத் தள்ளிவைக்க முடிவது, ஸ்கேன் தேதியைத் தள்ளிவைக்காதவர்களுக்கு மட்டும்தான்.