நெல்லிக்காயும் முடக்குவாதமும்

நம் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு மூட்டுவலியில்தான் போய் நிற்கும். கொல்லிமலையில் கேட்கவே வேண்டாம். முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பும் மலை நெல்லிக்காயும் இல்லாமல் அந்தப் பேச்சு முடியாது.

முடக்குவாதம் உள்ளவர்களுக்கு நெல்லிக்காய் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். "அதில் வைட்டமின் சி இருக்கிறது, எதிர்ப்புச் சக்தி கூடி நோய் போய்விடும்" என்பது ஒன்று. "எதிர்ப்புச் சக்தி கூடினால் உங்கள் நோயும் கூடும், தொடாதீர்கள்" என்பது மற்றொன்று. இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து.

முடக்குவாதம் எதிர்ப்புச் சக்தி குறைவதால் வருவதில்லை. வெளிக்கிருமியைத் தாக்க வேண்டிய அந்தச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த மூட்டையே தாக்குகிறது. காவல் நாய் வீட்டுக்காரரையே கடிப்பது போல. வைட்டமின் சி அந்த நாய்க்கு வெறி ஏற்றுவதும் இல்லை, அதைக் கட்டிப்போடுவதும் இல்லை. எல்லா உடம்புக்கும் அது தேவை, அவ்வளவுதான்.

எவ்வளவு தேவை? ஐ.சி.எம்.ஆர். 2020இல் சொன்ன கணக்குப்படி ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65. ஒரு நெல்லிக்காயோ பாதிக் கொய்யாவோ போதும். இரும்புச் சத்து உடம்பில் சேரவும் அது உதவும். முடக்குவாதக்காரர்கள் பலருக்கு ரத்தசோகையும் இருப்பதால் கீரைச் சோற்றோடு நெல்லிக்காய் நல்ல துணை. ஊறுகாயாகத்தான் வேண்டும் என்றால் ரத்த அழுத்தக்காரர்கள் உப்பைக் கவனிக்கவும்.

கடையில் விற்கும் 500 மில்லிகிராம் மாத்திரை வேறு கதை. ஒரு நாள் தேவையைப் போல ஆறு மடங்குக்கும் மேல். மிஞ்சுவது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். அளவு மீறினால் வயிற்றுப்போக்கு வரலாம், சிறுநீரகத்தில் கல் சேரவும் வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

எனக்குப் பெரிய கவலை வேறு. சூப்பும் நெல்லிக்காயும் இருக்கிறதே என்று, வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட்டைச் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். வலி கொஞ்ச நாள் அடங்கியிருக்கலாம். ஆனால் உள்ளே எலும்பு அரிப்பது நிற்காது. ஒருமுறை கோணிய விரலை எந்த மலை மூலிகையும் நிமிர்த்தாது.

நெல்லிக்காயை ஆசையாகச் சாப்பிடுங்கள், பழமாக. மருந்தின் இடத்தை மட்டும் அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.