காப்பி யந்திரமும் குழாய்த் தண்ணீரும்

சென்னையில் வசதியுள்ள குடும்பங்கள் சிலவற்றின் சமையலறைகளில் எஸ்பிரெஸோ யந்திரம் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. அதை வாங்குவோர் சிலர், தினந்தோறும் தொட்டியைக் கழற்றித் தண்ணீர் நிரப்பும் சிரமம் எதற்கு, குழாயிலிருந்தே நேராக ஓர் இணைப்பு கொடுத்துவிட்டால் என்ன என்று பிளம்பரை அழைக்கிறார்கள். விருப்பம் நியாயமானதே. ஆனால் வீட்டுக்கு வரும் தண்ணீரின் குணத்தையும், அது எந்தெந்த மாதத்தில் எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிந்துகொள்ளாமல் அந்த இணைப்பைச் செய்துகொள்வது பெரும் பிழை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த யந்திரம் எந்தச் சூழ்நிலையில் உருவானது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1884-ல் இத்தாலியின் தூரின் நகரத்து ஆஞ்செலோ மோரியோந்தோ நீராவியைக் கொண்டு காப்பி இறக்கும் சாதனத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும், நகரக் குழாயிலிருந்து மின்சாரப் பம்பு தண்ணீரை நேராக இழுத்துச் சுமார் 9 பார் அழுத்தத்தில் காப்பித் தூளின் ஊடே செலுத்தும் முறையைக் காப்பிக் கடைகளில் வேரூன்றச் செய்தது 1961-ல் வெளிவந்த ஃபேமா இ61 யந்திரமே. அதன் கனத்த பித்தளைத் தலைப்பகுதியை இன்றும் பல வீட்டு யந்திரங்களில் காணலாம். இரவும் பகலும் மாறாத அழுத்தத்தோடும் மாறாத தன்மையோடும் தண்ணீர் வந்துகொண்டிருக்கும் என்ற நம்பிக்கை அந்த அமைப்பின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் இத்தாலியக் கடைக்காரர்கள், தண்ணீரின் சுண்ணாம்பைப் போக்குவதற்கென்று உப்பிட்டுப் புதுப்பிக்கும் சாஃப்ட்னர் ஒன்றை யந்திரத்தின் அருகிலேயே வைத்துக்கொள்வது வழக்கம்.

நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிலை வேறு. மாடித் தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் குழாயில் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஆகவே தொட்டிக்கு மூன்று மீட்டர் கீழே வசிக்கும் மேல்தளத்துக் குடும்பத்துக்குக் கிடைப்பது 0.3 பார் மாத்திரமே. குழாய் இணைப்புக்கென்று செய்யப்பட்ட யந்திரங்கள் பலவும் எதிர்பார்ப்பதோ இரண்டு மூன்று பார். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. கருவியிலிருந்து எடுக்கலாமென்றால், அதன் சிறிய தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அந்த அழுத்தங்கூடக் கிடையாது. போதிய தண்ணீர் கிடைக்காமல் சுழலும் பம்பு இரைந்துகொண்டே தேய்ந்துபோகும்.

அழுத்தக் குறையைத் தனியாக ஒரு பூஸ்டர் பம்பு வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். தண்ணீரின் தன்மையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஒரே சம்பில் மெட்ரோ தண்ணீரும், போர் தண்ணீரும், கோடையில் லாரித் தண்ணீரும் கலக்கின்றன. 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் தொடங்கிய ஆலைகளின் சுத்திகரிக்கப்பட்ட கடல்நீரும் இந்நகரக் குழாய்களில் சேர்கிறது. 2019-ல் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலேயே தண்ணீர் கொண்டுவந்தோம். குழாய் ஒன்றேயானாலும் ஜனவரியில் அதில் ஓடுவதும் ஜூனில் ஓடுவதும் ஒரே தண்ணீர் அல்ல.

கடினத் தண்ணீர் பாய்லருக்குள் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று உணர்த்துவதற்காக மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று உள்ளே இறங்கியிருக்கும். கம்பியின் நுனியைத் தண்ணீர் தொட்டால் சிறு மின்னோட்டம் பாயும், உடனே தண்ணீர் வரும் வால்வு மூடிக்கொள்ளும். கடினத் தண்ணீரில் சில மாதங்கள் ஓடிய யந்திரத்தைத் திறந்து அந்தக் கம்பியை வெளியே எடுத்தால், நகத்தால் சுரண்டினாலும் பெயராத வெள்ளைப் படிவம் அதன் மேல் படிந்து, மின்சாரம் செல்ல வழியில்லாமல் அடைத்திருப்பதைப் பார்க்கலாம். தண்ணீர் நிரம்பியிருந்தும் நிரம்பவில்லை என்றே யந்திரம் எண்ணிக்கொள்ளும். ஆர்.ஓ.வில் தாதுக்கள் அனைத்தையும் நீக்கிய தண்ணீரை விட்டாலோ, மின்சாரத்தைக் கடத்த அதில் ஒன்றும் இல்லாததனால் முடிவு அதுவே. காப்பியும் சப்பென்று இருக்கும். கையால் ஊற்றும் யந்திரத்தில் இந்தக் கோளாறு நேர்ந்தால் தொட்டியிலுள்ள இரண்டு மூன்று லிட்டரோடு விபரீதம் நின்றுவிடும். குழாயோடு பிணைத்த யந்திரத்திலோ, வீட்டார் திருப்பதிக்குப் போய்த் திரும்பும்வரையில் தண்ணீர் பொங்கிக்கொண்டே இருந்து, கீழ்வீட்டாரின் கூரையிலும் ஒழுகத் தொடங்கும்.

குடிப்பதற்கு உகந்த தண்ணீரெல்லாம் பாய்லருக்கும் உகந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையும் 250 மில்லிகிராம் வரை குளோரைடும் ஏற்கத்தக்கவை. யந்திரம் செய்வோர் சிலரோ கடினத்தன்மை 100-ஐத் தாண்டலாகாது, குளோரைடு 50-க்குக் கீழேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். குளோரைடு மிகுந்தால் எவர்சில்வர் பாய்லரிலேயே ஊசித் துளைகள் விழும். சாஃப்ட்னர் சுண்ணாம்பை நீக்குமேயன்றிக் குளோரைடைத் தொடாது. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

விற்பனைக்கு வருவோர் டி.டி.எஸ். மீட்டரைத் தம்ளரில் நனைத்து, எண்ணைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். அந்த எண் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைச் சொல்லுமேயல்லாமல், அதில் சுண்ணாம்பு எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். கடினத்தன்மையை அறியும் முறை மிக எளியது. சிறு குப்பியில் அளவாகத் தண்ணீர் எடுத்துக் காட்டிப்பொருளைக் கலந்தால் திராட்சைச் சாற்றின் சிவப்பு நிறம் வரும். பிறகு மருந்தைத் துளித்துளியாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு துளியில் சிவப்பு முற்றும் மறைந்து தெளிந்த நீலமாகும். விட்ட துளிகளின் எண்ணிக்கையே கணக்கு. குளோரைடுக்கும் இதுபோன்ற எளிய சோதனை உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் செய்யக்கூடிய இந்தப் பரீட்சையை, பல ஆயிரம் ரூபாய்க்கு யந்திரம் விற்கிறவர் செய்துகாட்டாமல் இணைப்புக் கொடுப்பது எவ்விதத்திலும் நியாயமில்லை.

ஆகையால் யந்திரம் விற்பவர்கள், இணைப்புக்கு முன்பு ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் தண்ணீரைச் சோதித்து, முடிவை எழுத்துமூலம் தரவேண்டும். குடியிருப்புச் சங்கங்கள், சம்பில் புதிதாக லாரித் தண்ணீர் இறங்கும்போதெல்லாம் அதன் கடினத்தன்மையை அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட வேண்டும். கீசரும் சலவை யந்திரமும் வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் அது பிரயோஜனப்படும். இணைப்பு எடுத்தவர்கள், கைக்கெட்டும் இடத்தில் ஒரு பால் வால்வு வைத்து, வெளியே கிளம்பும்போது கேஸ் சிலிண்டரை மூடுவதுபோல அதையும் மூடிச் செல்ல வேண்டும். எந்த மாதம் எந்தத் தண்ணீர் வரும் என்றே தெரியாத வீட்டார், தகுந்த தண்ணீரைக் கேனில் வாங்கிக் கையாலேயே ஊற்றிக்கொள்ளட்டும். காப்பியின் ருசி அதனால் சிறிதும் குறையாது.