தண்டவாளம் முதலில், ரம்பம் பிறகு

மும்பையிலும் அதன் புறநகர்களிலும் வாழும் நம் குடும்பங்களில், வீடு வாங்கியவுடன் அடுத்த பேச்சு மரவேலையைப் பற்றியதாகத்தான் இருக்கும். அடுப்படி மேடைக்குக் கீழே பெட்டிகள், படுக்கையறைக்கு அலமாரி, பூஜைக்கு ஒரு மாடம். பிளைவுட் ஐ.எஸ். 303-ஆ, ஐ.எஸ். 710 மரைனா, சன்மைக்கா எந்த நிறம், கீல் எந்தக் கம்பெனி என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறோம். அந்தப் பலகையை எதைக் கொண்டு அறுக்கப் போகிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான் என்பது என் கட்சி.

நம் வீடுகளுக்கு வரும் மிஸ்திரிகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது மார்பிள் கட்டர். பெயரே சொல்கிறது, அது கல் அறுக்கச் செய்த கருவி. அதில் 110 மில்லிமீட்டர் பல் தகட்டை மாட்டிப் பிளைவுட் அறுக்கிறார்கள். சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 12,000 சுற்று. மர ரம்பத்தில் உள்ளதுபோல் தானாக மூடிக்கொள்ளும் கீழ்க்காப்பு அதில் கிடையாது. அறுத்த வாய் மூடித் தகட்டைக் கவ்விவிடாதபடி பின்னால் நிற்கும் பிரிகத்தியும் கிடையாது. கவ்வினால் கருவி பிடித்திருப்பவரை நோக்கித் துள்ளும். இதையே ஒரு பலகைக்கு அடியில் தலைகீழாகத் திருகி, விசையை டேப் சுற்றி அழுத்தி வைத்து, மேசை ரம்பமாக ஆக்கிக்கொள்பவர்களும் உண்டு. விரல் நுனி இழந்த மிஸ்திரியை இந்தத் தொழிலில் தேடி அலைய வேண்டியதில்லை. எச்சரித்தால் "ஹோ ஜாயேகா சாப்" என்று சிரிப்பார். சதுர அடிக் கணக்கில் கூலி பேசியவரிடம் நிதானமாகச் செய் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

வேலையின் தரமும் இதோடு சேர்ந்தே கெடுகிறது. பென்சில் கோட்டைப் பார்த்துக் கையால் ஓட்டுகிற கருவி எட்டடி தூரத்தில் எங்காவது அலையாமல் இருக்காது. வட்ட ரம்பத்தின் பற்கள் முன்புறத்தில் கீழிருந்து மேலாக ஏறுபவை. அதனால் மேல்பக்க மைக்காவும் மேலடுக்கு மரமும் பிசிறு பிசிறாகப் பெயரும். இந்த இரண்டையும் மறைக்கத்தான் ஓரத்தில் பட்டையாக பீடிங் அடிக்கிறார்கள். அலங்காரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, கோணலை மறைக்கும் திரை.

நான் இருந்த பெட்டிப் பராமரிப்புப் பட்டறையில் தரைக்குப் போடும் கம்ப்ரெக் பலகையும் சுவருக்குப் போடும் எல்.பி. ஷீட்டும் நிறையக் கையாண்டிருக்கிறோம். அங்கே ரம்பம் அசையாது. பலகைதான் வேலித்தகட்டை ஒட்டி நகர்ந்து வரும். வீட்டில் அது முடியாது. 2,440-க்கு 1,220 மில்லிமீட்டர், 19 மி.மீ. கனமுள்ள ஒரு முழுப் பலகை 35 கிலோ அளவில் இருக்கும். இரண்டு பேர் பிடித்து அதைச் சிறு மேசையின் மேல் நேராகத் தள்ளுவது நடக்காத காரியம். ஆகவே பலகை கிடக்கட்டும், ரம்பம் போகட்டும். அது நேராகப் போவதற்கு ஒரு தண்டவாளம் போடுவோம் என்பதுதான் இந்த முறை. ஜெர்மனியில் 1960-களில் தொடங்கியது. சுமார் 19 சென்டிமீட்டர் அகலமுள்ள அலுமினியப் பட்டை. மேலே ஒரு முகடு. ரம்பத்தின் அடித்தட்டில் உள்ள பள்ளம் அந்த முகட்டின் மேல் உட்கார்ந்து ஓடும். அடியில் வழுக்காத ரப்பர் வரிகள். ரம்பத் தகடு உறைக்குள் மறைந்திருந்து, அழுத்தும்போது மட்டும் கீழே இறங்கும். கையை விட்டால் மேலே போய்விடும்.

இதை வாங்க நினைப்பவர்கள் கடையில் கேட்கும் கேள்வி, எத்தனை வாட், எத்தனை சுற்று, எந்த கம்பெனி என்பது. ரம்பத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கூட ஒரு ரெயில் கொடுங்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். ரயில்வேயில் வேலை பார்த்தவன் இதைத் தலைகீழாகத்தான் பார்ப்பான். மோட்டார் தேயும், மாற்றலாம். தகடு மழுங்கும், சாணை பிடிக்கலாம். நேர்த்தன்மை முழுவதும் தண்டவாளத்தில் இருக்கிறது. அதோடு, இங்கேயும் கேஜ் உண்டு. மகிதாவின் ரம்பம் ஃபெஸ்டூல் தண்டவாளத்தில் ஓடும். இரண்டின் முகடும் ஏறக்குறைய ஒரே வடிவம். பாஷும் மாஃபெலும் இன்னொரு ஜாதி. அவை தமக்குள் பொருந்தும். டிவால்ட் தனி வழி. நம் நாட்டில் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையும் 1,000 மில்லிமீட்டர் மீட்டர் பாதையும் சந்திக்கும் இடங்களில் சரக்கை இறக்கி ஏற்றிப் பட்ட பாடு பழைய ரயில்வே ஊழியர்களுக்குத் தெரியும். அதை ஒரே கேஜாக்கும் திட்டம் 1992-இல்தான் தொடங்கியது. ஒரு தண்டவாளத்தை வாங்கும் அன்றே, இனி வாங்கப்போகும் இணைப்புகள், கிளாம்புகள், அடுத்த ரம்பம் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறோம். நம் ஊர்க் கடையில் உதிரிப்பாகம் கிடைக்கிற கேஜ் எது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது நீளம். நான்கடி குறுக்கு வெட்டுக்கு 1,400 மி.மீ. தண்டவாளம் போதும். ரம்பம் பலகைக்கு வெளியிலிருந்து புறப்பட்டு, மறுபக்கம் வெளியே போய் முடிக்க வேண்டும் என்பதால், பலகையை விட ஒரு சாண் அளவாவது நீளம் கூட வேண்டும். எட்டடி வெட்டுக்கு மூன்று மீட்டர் ஒரே துண்டு இருந்தால் உத்தமம். ஆனால் டோம்பிவிலியிலோ செம்பூரிலோ பழைய கட்டட லிஃப்டில் மூன்று மீட்டரை எப்படி நிறுத்துவீர்கள்? மாடிப்படித் திருப்பத்தில் ஒருமுறை இடித்தால் போதும், நேர் போய்விடும். அதனால் நம் போன்றவர்களுக்கு 1,400 இரண்டும் இணைப்புக் கம்பியும்தான் சரி. இணைக்கும்போது இரண்டு முனைகளையும் இறுக்கி முட்டவிடாதீர்கள். முனை வெட்டு துல்லியமான செங்கோணத்தில் இல்லாவிட்டால், முட்டுகிற முட்டில் இணைப்பே வளைந்துவிடும். நேரான நீண்ட பட்டை ஒன்றை விளிம்போடு ஒட்டிப் பிடித்து, முடி அளவு இடைவெளி விட்டுத் திருகுங்கள். ரயில் பாதையில் பிஷ் பிளேட் போடும் இடத்தில் விடும் இடைவெளிக்குக் காரணம் வெயில். இங்கே காரணம் வேறு. விட வேண்டும் என்பது ஒன்றுதான்.

நேராக இருக்கிறதா என்று சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கடையிலேயே ஒரு முழுப் பலகையின் மேல் தண்டவாளத்தை வைத்து, ரப்பர் இல்லாத அலுமினிய விளிம்பை ஒட்டிக் கூரான பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். பிறகு தண்டவாளத்தை அரைச்சுற்றுத் திருப்பி, அதே விளிம்பு கோட்டின் மறுபக்கத்திலிருந்து வந்து தொடும்படி வைத்து இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றாகப் படிந்தால் நேர். நடுவில் இடைவெளி தெரிந்தால், உண்மையான வளைவு அந்த இடைவெளியில் பாதி. கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், பணம் நம்முடையது.

இனி அந்த ரப்பர் விளிம்பு. என்னைக் கேட்டால் இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. புதிதாக வாங்கும்போது அது கொஞ்சம் அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் ஓட்டத்தில் ரம்பம் அதைத் தன் பாதைக்குச் சரியாக நறுக்கிக்கொள்ளும். அதன் பிறகு விளிம்பு எங்கேயோ வெட்டும் அங்கேதான். அடித்தட்டுக்கும் தகட்டுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று கூட்டிக் கழிக்கும் வேலை இல்லை. பென்சில் குறியின் மேல் விளிம்பை வைத்து ஓட்ட வேண்டியதுதான். வெட்டும் இடத்திலேயே அது மேலடுக்கை அழுத்திப் பிடிப்பதால் பற்கள் மேலேறும்போது பிசிறு கிளம்ப வழியில்லை. ஆனால் அது காப்பது தண்டவாளத்தின் அடியில் உள்ள பக்கத்தை மட்டுமே. தகட்டுக்கு மறுபுறம் விழும் துண்டுக்கு அந்தக் காவல் இல்லை. சில ரம்பங்களில் அந்தப் பக்கத்துக்கும் ஒரு சிறு தடுப்பு வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால், நல்ல துண்டு தண்டவாளத்துக்கு அடியில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் மைக்கா ஒட்டிய பலகைக்கு முதலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் மட்டும் கீறி, பிறகு முழு ஆழத்துக்கு இறக்கி இரண்டாம் முறை ஓட்டினால் கண்ணாடி வெட்டியது போலிருக்கும்.

ரம்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 160 அல்லது 165 மி.மீ. தகடு, 1,200 முதல் 1,300 வாட் மோட்டார், வேகத்தைக் குறைக்கும் வசதி. நமக்கு இது போதும். முகட்டின் மேல் பக்கவாட்டில் ஆடாமல் சரிசெய்யும் திருகு கட்டாயம் இருக்க வேண்டும். பிரிகத்தி உள்ளதாகக் கிடைத்தால் நல்லது, எல்லாவற்றிலும் இருப்பதில்லை. பிளைவுட்டுக்கு 48 பல் கார்பைடு தகடு போடுங்கள். கூட வரும் 24, 28 பல் தகடு தேக்கு போன்ற முழு மரத்தை நீளவாட்டில் அறுக்க நல்லது; பிளைவுட்டில் போட்டுவிட்டுத் தண்டவாளத்தைக் குறை சொல்லக்கூடாது. 1,300 வாட் என்பது 230 வோல்ட்டில் 5.65 ஆம்பியர். அதோடு தூசி உறிஞ்சியும் ஓடினால் 6 ஆம்பியர் பிளக் தாங்காது. அடுப்படியில் கிரைண்டருக்கோ குளியலறையில் கீசருக்கோ உள்ள 16 ஆம்பியர் இடத்திலிருந்து கனமான ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள்.

தூசி என்றதும் இன்னொன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்ற முதல் பிரிவில் 1995-இலேயே சேர்த்துவிட்டது. மார்பிள் கட்டரின் தூசி மிஸ்திரியின் நுரையீரலுக்கும், அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கும் பேரப்பிள்ளையின் நுரையீரலுக்கும் ஒன்றுபோலப் போகிறது. இந்த ரம்பங்களில் தகடு உறைக்குள் ஓடுவதால் குழாய் மாட்டினால் பெரும்பகுதித் தூசி பைக்குள் போய்விடும்.

"இவ்வளவு எதற்கு? அலுமினியச் செவ்வகக் குழாயை இரண்டு சி-கிளாம்பால் இறுக்கி ஏழு அங்குல ரம்பத்தை ஒட்டி ஓட்டினால் ஆகாதா?" என்று கேட்கலாம். ஆகும். மார்பிள் கட்டருக்கு அது எவ்வளவோ மேல். பிசிறும் தூசியும் அப்படியே இருக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் இடைவெளி அளக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு அலமாரி செய்பவர் அளவுகளை எழுதிக்கொண்டு பெரிய பேனல் ரம்பம் உள்ள பட்டறைக்குப் போய் வெட்டிக்கொண்டு வருவதே புத்திசாலித்தனம். அளவு எழுதும்போது தகடு தின்னும் கனத்தை மறக்கக்கூடாது. மிஸ்திரி "சூத்" கணக்கில் பேசுவார். அங்குலத்துக்கு எட்டு சூத். நான்கடிப் பலகையிலிருந்து ஓரடி அகலத்தில் நான்கு தட்டு என்று அவர் எழுதித் தருவார். தகடு 2.2 மி.மீ. கனம் என்றால் மூன்று வெட்டில் 6.6 மி.மீ. போய், தட்டு ஒன்றுக்கு 303 மில்லிமீட்டரும் கொசுறும்தான் கிடைக்கும். ஓரடிக்கு 304.8 வேண்டுமே!

நல்ல ரம்பமும் தண்டவாளங்களும் சேர்த்தால் விலை பல பத்தாயிரம். பத்து வருடத்துக்கு ஒருமுறை மரவேலை செய்யும் குடும்பம் இதை வாங்கிப் பரணில் போடுவது வீண். ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்கள் ஆசைக்கு வாங்கினாலும், தரையில் மண்டியிட்டு ஓட்ட முழங்கால் சம்மதிக்க வேண்டும். மிஸ்திரியோ, மார்பிள் கட்டரைச் சில ஆயிரத்தில் வாங்கிப் பிழைப்பவர். அவரை முதலீடு செய் என்பது நியாயமில்லை. நம் சங்கம் செய்யலாம் என்பது என் யோசனை. கல்யாணப் பாத்திரங்களும் ஜமக்காளமும் சங்கத்தில் இருப்பதுபோல இதுவும் இருக்கட்டும். ஒரு ரம்பம், 1,400-இல் இரண்டு தண்டவாளம், இணைப்புக் கம்பி, இரண்டு கிளாம்ப், அடியில் போட இரண்டங்குலத் தெர்மோகோல் பலகை. உறுப்பினர் வீட்டில் வேலை நடக்கும் நாட்களுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். மிஸ்திரிக்கு அரை நாள் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார். அந்த அரை நாள் கூலியை வீட்டுக்காரர் தர வேண்டும். சதுர அடிக் கூலியையும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, மார்பிள் கட்டரைப் பலகையில் வைக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

தகடு மட்டும் சங்கம் குறிப்பிடும் ஒரே வகையாக இருக்க வேண்டும், தேய்மானம் வாங்குபவர் பொறுப்பு. வேறு கனத் தகட்டை யாராவது மாட்டி ஓட்டிவிட்டால் ரப்பர் விளிம்பு தவறான இடத்தில் நறுக்கப்பட்டு, அடுத்தவரின் அளவெல்லாம் தப்பிவிடும். தண்டவாளங்களைச் சுவரில் சாய்த்து வைக்காமல் ஆணியில் தொங்கவிட வேண்டும். முனையில் அதற்கென்றே துளை இருக்கிறது. சங்க அலுவலகத்தில் புத்தக அலமாரிக்குப் பின்சுவரில் இடம் போதுமா என்று பார்த்துவிட்டேன், போதும். செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டால், கேஜைத் தேர்ந்தெடுக்கவும், கடைக்கு வந்து பென்சில் கோடு இழுக்கவும் நான் தயார்.