மூன்று வேலை நாட்கள் என்றால் எத்தனை நாள்?

"மூன்று வேலை நாட்களில் பதில் வரும்." ஏர்கோன் பழுதுபார்ப்பவர் முதல் வங்கிக் கடன் பிரிவு வரை எல்லாரும் சொல்லும் வாசகம் இது. வானொலியில் போட்டி முடிவுகளை அறிவிக்கும்போது, பரிசு எத்தனை வேலை நாட்களில் வந்து சேரும் என்று நானும் வாசிப்பதுண்டு. அப்படி ஒருமுறை வாசித்ததும் ஒரு நேயர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "கோத்தா பாருவுக்கும் இதே கணக்கா மா?"

நியாயமான கேள்விதான். நம் நாட்டில் வேலை நாள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கெடா, கிளந்தான், திரெங்கானுவில் வெள்ளியும் சனியும் ஓய்வு, ஞாயிறு வேலை. மற்ற இடங்களில் சனி, ஞாயிறு ஓய்வு. இதோடு மாநில விடுமுறைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் அன்று விடுமுறை, மலாக்காவில் வேலை நாள். ஜனவரி 1 புத்தாண்டுக்குக்கூட ஜொகூர், கெடா, கிளந்தான், திரெங்கானு, பெர்லிஸ் மாநிலங்களில் பொது விடுமுறை கிடையாது.

இதெல்லாம் தெரிந்த விஷயம்தானே என்பீர்கள். மனிதர்களுக்குத் தெரியும். கணினிக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

என் சித்தி மகள் சுங்கைப்பட்டாணியில் ஓர் இயந்திரப் பராமரிப்பு நிறுவனத்தின் கிளையில் வேலை செய்கிறாள். தலைமையகம் கிள்ளான் பள்ளத்தாக்கில். புகார் வந்தால் 8 வேலை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், தாண்டினால் சிவப்பு. ஆண்டு முடிவில் அந்தச் சிவப்பை எண்ணித்தான் போனஸ். "அக்கா, நாங்க நேரத்துக்குத்தான் முடிக்கிறோம். ரிப்போர்ட்ல மட்டும் சிவப்பாவே வருது" என்றாள்.

ஒரு புகாரை மட்டும் எடுத்து இருவரும் கையால் கணக்குப் போட்டோம். கிளை காலை 9 முதல் மாலை 5 வரை. மதிய உணவு இடைவேளையைக் கழிக்காமல் நாளுக்கு 8 மணி நேரம் என்றே அவர்கள் எண்ணுகிறார்கள். புகார் வந்தது வியாழன் மாலை 4 மணிக்கு, முடித்தது ஞாயிறு காலை 10 மணிக்கு. கடிகாரப்படி 66 மணி நேரம். கெடா வேலை நேரப்படி வியாழன் ஒன்று, ஞாயிறு ஒன்று, மொத்தம் 2 மணி நேரம். தலைமையகத்தின் ரிப்போர்ட்டில் இருந்ததோ 9. அவர்களின் சூத்திரம் எல்லாக் கிளைக்கும் சனி, ஞாயிறு ஓய்வு என்று வைத்திருந்தது. கதவடைத்திருந்த வெள்ளிக்கு 8 மணி நேரத்தைச் சேர்த்துவிட்டு, அவள் உட்கார்ந்து வேலை பார்த்த ஞாயிறை விட்டுவிட்டது.

மறுபக்கமும் உண்டு. ஞாயிறு காலை 9 மணிக்கு வந்து திங்கள் நண்பகலில் முடிந்த புகாருக்கு உண்மையில் 11 மணி நேரம் ஆகிறது. ரிப்போர்ட்டில் அது 3 மணி நேரம், பச்சை. "அதை அவங்ககிட்டச் சொல்லாதீங்கக்கா" என்று சிரித்தாள். சொல்லத்தான் வேண்டும் என்றேன். தனக்குச் சாதகமான பிழையை மறைத்துவிட்டுப் பாதகமானதை மட்டும் காட்டினால், இரண்டையும் நம்பமாட்டார்கள்.

எக்செலில் இதற்கு 'நெட்வொர்க்டேஸ்' என்றொரு சூத்திரம் இருக்கிறது. இரண்டு தேதி கொடுத்தால் நடுவிலுள்ள வேலை நாட்களைச் சொல்லும். ஆனால் அதற்கு வார இறுதி என்றால் சனி, ஞாயிறுதான். 'நெட்வொர்க்டேஸ்.ஐஎன்டிஎல்' என்ற இன்னொன்றில் வார இறுதியை நாமே தேர்ந்தெடுக்கலாம். 7 என்று போட்டால் வெள்ளி, சனி. இரண்டுமே தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் சேர்த்தே எண்ணும் என்பதைக் கவனிக்க வேண்டும். திங்கள் வந்து செவ்வாய் முடிந்த வேலைக்கு 'இரண்டு நாள்' என்று காட்டும். பொது விடுமுறைப் பட்டியலை நாம் கொடுக்காவிட்டால் தீபாவளியும் வேலை நாள்தான். மணிக்கணக்கும் அதற்குத் தெரியாது.

ஜொகூரை இந்த எண்ணாலும் சமாளிக்க முடியாது. 2014 ஜனவரி முதல் அங்கே வெள்ளி, சனி ஓய்வாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு. 2024 டிசம்பர் 27 வெள்ளி ஓய்வு நாள், அடுத்த வெள்ளி, ஜனவரி 3, வேலை நாள். நடுவே விதி மாறிய ஒரு வேலைக்கு எந்த எண்ணைப் போடுவது?

தரவுத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் சொன்ன வழி எனக்குப் பிடித்திருந்தது. சூத்திரத்தை மறந்துவிட்டு ஒரு நாட்காட்டி அட்டவணை போடுங்கள் என்றார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி, அன்று எத்தனை மணி நேரம் வேலை என்று ஒரு கட்டம். வேலை நாளுக்கு 8, ஓய்வு நாளுக்கு 0. பக்கத்திலேயே அதுவரையான கூட்டுத்தொகை. வீட்டு மின்சார மீட்டர் மாதிரிதான். இந்த மாத எண்ணிலிருந்து போன மாத எண்ணைக் கழிக்கிறோம் இல்லையா, அதே வேலை. ஓய்வு நாளிலும் மாலை 5 மணிக்குப் பிறகும் மீட்டர் ஓடாது.

சித்தி மகளின் புகாரையே வைத்துப் பார்ப்போம். வியாழன் மாலை 4 மணிக்குக் கெடா மீட்டரில் 1,007 என்று இருந்தால், ஞாயிறு காலை 10 மணிக்கு 1,009. இரண்டு மணி நேரம், கழித்தல் ஒன்றே போதும். புகார் எந்தக் கிளையுடையது என்று தெரிந்தால் எந்த மீட்டரைப் பார்ப்பது என்றும் தெரிந்துவிடும். ஜொகூர் மீட்டர் 2024 வரை ஒரு மாதிரியும் பிறகு வேறு மாதிரியும் ஓடும், அவ்வளவுதான்.

ஆனால் அட்டவணையை யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நோன்புப் பெருநாள் எந்த நாள் என்பது முந்தின நாள் மாலை பிறை பார்த்த பிறகுதான் உறுதியாகிறது. 2022 நவம்பர் 24 அன்று பதவியேற்ற பிரதமர் அன்வார், அடுத்த திங்கள், நவம்பர் 28, விடுமுறை என்று அறிவித்தார். டிசம்பரில் அடுத்த ஆண்டின் பட்டியலை ஏற்றிவிட்டு மறந்துபோகும் நிறுவனங்களின் மீட்டர் அந்தத் திங்கள்கிழமையும் ஓடியிருக்கும்.

எல்லாவற்றையும் வேலை நாளில் எண்ணக்கூடாது என்பதும் முக்கியம். வேலைச் சட்டம் தரும் 98 நாள் பேறுகால விடுப்பு தொடர்ச்சியான நாட்கள், ஞாயிறும் பெருநாளும் அதற்குள் அடக்கம். வேலை விலகல் கடிதத்தில் '30 நாள் நோட்டீஸ்' என்றால் ஒரு மாதம். '30 வேலை நாள்' என்றால், வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு முழுதாக ஆறு வாரம், விடுமுறை வந்தால் இன்னும் கூடும். புது வேலைக்குத் தேதி சொல்லிவிட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

சித்தி மகள் மூன்று மாதப் புகார்களைக் கெடா நாட்காட்டிப்படி மறுபடி கணக்கிட்டு, பச்சையாகித் தப்பித்த தன் சிவப்புகளையும் சேர்த்தே, தலைமையகத்துக்கு அனுப்பினாள். அடுத்த மாத ரிப்போர்ட்டிலிருந்து சூத்திரத்தை மாற்றுவதாகப் பதில் வந்தது. கொடுத்து முடித்த போனஸைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். எத்தனை வேலை நாட்களுக்குள் பதில் வேண்டும், எந்த மாநில நாட்காட்டிப்படி என்று அதில் குறிப்பிட்டிருக்கிறாளாம்.